இருந்தவரும் நின்றவரும்

மனிதர் கூடி வாழத் தலைப்பட்ட நாள் முதலாகவே கதவும் தோன்றிவிட்டது. மழைக்கும் விலங்குக்கும் அஞ்சி மட்டும் மனிதன் கதவை அமைத்துக் கொள்ளவில்லை. யாரை உள்ளே அழைப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்னும் தெரிவின் அடையாளமாகவும் அது இருந்து வந்துள்ளது. வீட்டுக்குக் கதவு உண்டு. கோயிலுக்குக் கதவு உண்டு. சங்கத்துக்கும் நாட்டுக்கும் கூடக் கண்ணுக்குப் புலனாகாத கதவுகள் உண்டு. அவற்றைத் தன் விருப்பின்படி மூடிக்கொள்ளும் உரிமை ஒரு கூட்டத்தாருக்கு எவ்வளவு தூரம் உண்டு? மூடிய கதவு எப்பொழுது நியாயமாகின்றது? எப்பொழுது அநீதியாகின்றது? அறவியல் வகுப்பிலே நூல்வழி மட்டும் நாம் அறிந்திருந்த இவ்வினா, சென்ற ஆண்டு ஒரு மதிய உணவு மேசையில் எம் முன்னே வந்து நின்றது. அதனை இயன்ற அளவு ஆராய முனைவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது கலைப்பீடத்தைச் சேர்ந்த மாணவர் இருபத்திரண்டு பேரும் விரிவுரையாளர் இருவரும் குடியேற்றவாதக் காலத்து மலைநாட்டைப் பற்றி அறியும் பொருட்டுக் களப்பயணமொன்றை மேற்கொண்டோம். பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக மலையேறிய பேருந்து முற்பகலில் நுவரெலியாவை அடைந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரிலே, பிரித்தானியர் தம் தாயகத்தின் சாயலை நாடி எழுப்பிய கட்டடங்கள் பல இன்றும் உள்ளன. அவற்றுள் ஒன்று ‘ஹில் கிளப்’ என வழங்கும் அங்கத்தவர் கழகம். மதிய உணவை அங்குக் கொள்வதற்கு விரிவுரையாளர் ஒருவர் முன்கூட்டியே ஒழுங்கு செய்திருந்தார்.

இக்கழகம் 1876 இலே தோட்டத்துரைமாருக்கென உருவானது. 1869 இல் இனங்காணப்பட்ட இலைநோயினாற் கோப்பிப் பயிர் நலிந்துகொண்டிருந்த காலம் அது. கோப்பி அழிந்து தேயிலை தழைத்தது. கழகமோ இரண்டு பயிர்களின் காலத்தையும் கடந்து நிலைத்தது. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள தோட்டங்களிலே தனித்து வாழ்ந்த துரைமார், தம் மொழியிற் பேசி, தம் உணவை உண்டு, தம்மவரோடு பொழுது போக்குதற்கு ஓரிடம் வேண்டினர். அத்தேவை செயற்கையான ஒன்றன்று. ஆயின் ‘தம்மவர்’ என்னும் சொல்லின் எல்லையை நிறமே வகுத்தது. 1948 இல் நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் பல ஆண்டுகள் இந்நாட்டவர் எவரும் அங்கு அங்கத்தவராக முடியவில்லை. இன்று நிலைமை வேறு. இலங்கையர் அங்கத்தவராக உள்ளனர். வெளியார் சிறு கட்டணம் செலுத்தித் தற்காலிக அங்கத்தவராகும் வழக்கமும் உண்டு. நாமும் அவ்வாறே ஒரு நாளைக்கு அங்கத்தவரானோம்.

சாம்பல் நிறக் கற்சுவர், கணப்படுப்பு, சுவரிலே பதித்த விலங்குத் தலைகள், பில்லியர்ட்ஸ் மேசை, பழைய நூல்கள் நிறைந்த நூலகம் ஆகியவற்றைப் பார்த்த பின்னர் உணவு மண்டபத்தில் அமர்ந்தோம். வெண்டுகில் விரித்த மேசை. ஒவ்வொருவர் முன்னும் ஒன்றுக்கு மேற்பட்ட கத்திகளும் முட்கரண்டிகளும். எதை முதலில் எடுப்பது என அறியாது எம்முட் சிலர் ஒருவரையொருவர் கடைக்கண்ணாற் பார்த்துக்கொண்டோம். சூப்பு வந்தது, கோழி வந்தது, இறுதியிற் புடிங் வந்தது. வெள்ளைச் சீருடை அணிந்த பரிசாரகர்கள் மிகுந்த பண்போடு பரிமாறினர். அவர்களுள் வயது முதிர்ந்த ஒருவர், என்னருகே இருந்த தோழி தமிழிற் பேசியதைக் கேட்டதும், குரலைத் தாழ்த்தி, “அம்மா, நீங்க எந்தத் தோட்டம்?” என வினவினார். அவள் தன் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். “தெரியும் அம்மா, நம்ம சொந்தக்காரங்க அங்க இருக்காங்க” என்றார் அவர். அவர் முகம் மலர்ந்தது. பிறகு அவளுடைய கதிரைக்குப் பின்னாற் சென்று, மற்றைய பரிசாரகரைப் போலவே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அதன் பின்னர் அவள் உண்ணவில்லை.

திரும்பும் வழியிற் பேருந்திலே இது குறித்து விவாதம் எழுந்தது. “நாங்கள் அங்கே போயிருக்கவே கூடாது, எங்கள் முன்னோரை வாயிலில் நிறுத்தியவர்களின் மேசையில் இருந்து சாப்பிடுவது மானக்கேடு” என்றான் ஒருவன். “அப்படியில்லை, அவர்களுக்கு மறுத்த கதிரையில் நாங்கள் இருந்ததே வெற்றி” என்றான் இன்னொருவன். “பழைய கதை எதற்கு? பணம் கொடுத்தோம், சாப்பிட்டோம், அவ்வளவுதான்” என்றாள் மூன்றாமவள். என் தோழி நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்னர் ஒன்றே சொன்னாள்: “எங்க தாத்தா ஒரு துரை பங்களாவுல முப்பது வருஷம் வேலை செஞ்சாரு. அந்த வீட்டுல ஒரு நாள்கூட அவரு உக்காந்ததில்ல. இன்னைக்கு நான் உக்காந்திருந்தேன். அவரு எனக்குப் பின்னால நின்ன மாதிரி இருந்துச்சு.”

இம்மூவர் கூற்றும் இவள் கூற்றும் ஒரே பொருளைப் பற்றியன போலத் தோன்றினும், உண்மையில் அவ்வாறல்ல. முதல் மூவரும் கதவைப் பற்றிப் பேசினர். இவளோ கதவுக்கு உள்ளே நின்றவரைப் பற்றிப் பேசினாள். இவ்வேறுபாடே ஆராயத்தக்கது.

முதலிற் கதவுக்குச் சார்பான நியாயத்தைப் பார்ப்போம். மூடிய கூட்டம் எதுவாயினும் அநீதியே எனக் கூறுதல் எளிது. ஆயின் அது பொருந்தாது. நமது தமிழ்ச் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். இதற்கு அங்கத்தவர் உளர்; செயற்குழு உண்டு; யார் சேரலாம் என்னும் விதி உண்டு. இதனால் எவருக்கும் தீங்கு விளைந்ததாக எவரும் கூறார். நண்பர் நால்வர் ஓர் அறையிற் கூடிக் கவிதை படிக்கையில் ஐந்தாமவர் தம்மையும் சேர்க்குமாறு உரிமையோடு கோர இயலாது. பிறர்க்குத் தீங்கு பயவாத நோக்கங்களுக்காக மனிதர் ஒன்றுகூடும் சுதந்திரத்தை, 1859 இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய தமது நூலில், யோன் ஸ்ரூவட் மில் அடிப்படைச் சுதந்திரங்களுள் ஒன்றாக வைத்தார். ஒன்றுகூடும் சுதந்திரம் என்பது யாரோடு கூடுவது எனத் தெரியும் சுதந்திரத்தையும் உள்ளடக்கியது.

நிலையான சமாதானம் பற்றி 1795 இல் எழுதிய கான்ற் என்னும் ஜேர்மன் தத்துவஞானியும் இதற்கு அணித்தான ஒரு வேறுபாட்டைக் காட்டினார். அந்நிய மண்ணிற் கால்வைப்பவனைப் பகைவனாக நடத்தலாகாது. வந்து காணும் உரிமை மனிதர் யாவர்க்கும் பொது. ஆனால் விருந்தினனாகத் தங்கும் உரிமை அவ்வாறு பொதுவானதன்று; அதற்கு வீட்டாரின் தனியான இசைவு வேண்டும் என்பது அவர் கருத்து. நம் மரபோ இதற்கும் ஒரு படி மேலே செல்கின்றது. திருக்குறளின் இல்லறவியலில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. முகந்திரிந்து நோக்கின் விருந்தினர் வாடுவர் என்பதை உணர்த்த அங்கு அனிச்ச மலர் உவமையாகின்றது. எனினும் அவ்வறமும் விருந்தோம்புவானின் கடமையாகக் கூறப்பட்டதேயன்றி, விருந்தினன் கேட்டுப் பெறும் உரிமையாகக் கூறப்படவில்லை. ஆகவே வீடு வீடாக இருக்கும் வரை கதவும் இருக்கத்தான் செய்யும். கதவு உண்டு என்பது கொண்டு மட்டும் ஒரு கழகத்தைக் குற்றஞ்சாட்டுதல் இயலாது.

அவ்வாறாயின், நிறத்தால் மூடிய கழகங்களை நாம் ஏன் கண்டிக்கின்றோம்? அவை வெறுங் கூட்டங்களாக இருக்கவில்லை என்பதே இதற்கு வழக்கமாகத் தரப்படும் விடை. கல்கத்தாவின் வங்காளக் கழகம் 1827 இல் நிறுவப்பட்டது; 1959 வரை இந்தியர் அதில் அங்கத்தவராக இயலவில்லை. நாட்டை ஆண்டோரும் வணிகத்தை ஆண்டோரும் மாலையிற் கூடிய இடங்கள் இத்தகையன. பகலிலே கந்தோரில் ஒப்பமிடப்படும் தீர்மானம் முந்திய நாள் மாலையிற் கழகத்திலே பேசி முடிந்திருக்கும். அத்தகைய இடத்திற் கதவடைத்தல், நண்பர் நால்வர் கவிதை படிக்கும் அறையிற் கதவடைத்தல் போன்றதன்று. அங்கு வெளியே நிற்பவன் இழப்பது ஒரு பொழுதுபோக்கையன்று, தன் வாழ்வைத் தீர்மானிக்கும் பேச்சிற் கலந்துகொள்ளும் வாய்ப்பையாகும். 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், 1961 இல் வெளியான தமது சுயசரிதைப் பகுதியிலே, அங்கிருந்த சிறுதொகை வெள்ளையர் மாலைதோறும் ரென்னிஸ் ஆடித் தம்முள்ளேயே கூடிக் களித்தமையைப் பதிவு செய்துள்ளார். ஒரு குடாநாடு முழுவதையும் ஆண்டவர்கள், அதன் மக்களுள் எவரும் நுழையாத சிறு வட்டத்தினுள் வாழ்ந்தனர்.

இதனோடு அவமதிப்பும் சேர்ந்தது. தகைமையாலோ நட்பாலோ அன்றிப் பிறப்பால் மட்டும் ஒருவனை விலக்குதல், அவன் எதனைச் செய்தாலும் மாற்றமுடியாத தீர்ப்பாகும். 1932 செப்ரெம்பரிற் சிற்றாகொங்கிலுள்ள பகார்த்தலி ஐரோப்பியர் கழகத்தைத் தாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய பிரீத்திலதா என்னும் இருபத்தொரு வயது ஆசிரியை, பிடிபடாது நஞ்சருந்தி இறந்தார். நாய்க்கும் இந்தியர்க்கும் இடமில்லை என்னும் பலகை அங்குத் தொங்கியதாக இன்றும் கூறுவர். வன்முறையை நியாயப்படுத்துதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு கதவு எவ்வளவு ஆழமான புண்ணை ஏற்படுத்தவல்லது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்விடை சரியானதே. ஆயின் போதுமானதன்று. ஏனெனில் இவ்விடையின்படி குற்றம் கதவிலேயே உள்ளது. கதவைத் திறந்துவிட்டாற் குற்றமும் நீங்கிவிடும். பேருந்திலே ‘கதிரையில் இருந்ததே வெற்றி’ என்ற நண்பனின் நிலைப்பாடு இதுவே. வரலாறு இதற்கு மாறாகச் சாட்சி கூறுகின்றது. வெள்ளையர் கழகங்களில் இடம்பெறாத இந்நாட்டு உயர்குடியினர் 1894 இலே கொழும்பில் ‘ஓரியன்ற் கிளப்’ என்னும் கழகத்தை அமைத்துக்கொண்டனர். அங்கும் கதவு இருந்தது. அங்கும் உள்ளே பரிமாறுவோர் நின்றனர். பர்மாவிலே பொலிஸ் அதிகாரியாக இருந்த ஜோர்ஜ் ஓர்வெல் 1934 இல் வெளியிட்ட ‘பர்மிய நாட்கள்’ என்னும் ஆங்கில நாவல் இவ்வகையில் நினைவுகொள்ளத்தக்கது. சிறு நகரொன்றின் ஐரோப்பியர் கழகம் சுதேசி ஒருவரை அங்கத்தவராக ஏற்க நேர்கின்றது. வீராசாமி என்னும் நல்ல வைத்தியர் அவ்விடத்தைப் பெறாது அழிகின்றார். சூழ்ச்சியாலே பலரைக் கெடுத்த சுதேச நீதவான் அதனைப் பெறுகின்றான். கழகத்தவர்க்கு அவன் இனிய அங்கத்தவனாகவே அமைந்துவிடுகின்றான். கதவு திறந்தது, வீடு மாறவில்லை.

இங்கேதான் என் தோழியின் சொற்கள் பொருள் பெறுகின்றன. இந்நாட்டவர்க்குக் கழகத்தின் கதவு மூடியிருந்தது என நாம் வழக்கமாகக் கூறுகின்றோம். அது உண்மையா? சமைத்தவர் யார்? மேசை விரித்தவர் யார்? கணப்படுப்புக்கு விறகு சுமந்தவர், புற்றரையைச் சீர்செய்தவர், நள்ளிரவிற் குதிரையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தவர் யார்? அவர்கள் அனைவரும் இந்நாட்டவரே. கழகம் தோன்றிய நாள் முதலாக அவர்கள் உள்ளேதான் இருந்தனர். அவர்களின்றிக் கழகம் ஒரு நாளும் நடந்திராது. ஆகவே நிறத்தடை என்பது கறுத்த உடல்கள் உள்ளே வராது தடுத்த விதியன்று. அவை உள்ளே வரலாம், வரவும் வேண்டும். இருத்தல் மட்டும் ஆகாது என்னும் விதியே அது. வெளியே நிறுத்தப்பட்டவனைக் கொண்டு மட்டுமன்றி, உள்ளே நின்றுகொண்டிருந்தவனைக் கொண்டும் ஒரு கழகத்தின் நியாயத்தை அளத்தல் வேண்டும் என்பதே என் துணிபு. வெளியே நின்றவன் தனக்கென வேறொரு கழகத்தை அமைத்துக்கொள்ளவாவது கூடும். உள்ளே நின்றவனுக்கு அவ்வழியும் இல்லை.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். பரிமாறுதல் ஒரு தொழில், தொழிலில் இழிவில்லை. விரிவுரையாளர் நிற்கின்றார், மாணவர் இருக்கின்றனர். அதனால் விரிவுரையாளர் தாழ்ந்துவிட்டாரா? பரிசாரகர் நிற்பதை மட்டும் ஏன் துயரமாக்க வேண்டும்? இத்தடை வலுவானதே. அம்முதியவரின் பண்பையும் திறனையும் கண்ட எவரும் அவரை இரங்கத்தக்கவராக எண்ணுதல் தகாது; அவ்வாறு எண்ணுதல் மற்றொரு வகை அவமதிப்பாகும். எனவே நிற்றலுக்கும் நிற்றலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிதல் அவசியம். பணிநேரம் முடிந்தபின் அவர் அதே கதிரையில் வந்து அமர இயலுமா? அவருடைய மகள் இயலுமா? இத்தொழிலன்றி வேறொன்றைத் தெரிவதற்கு அவருக்கு வழியிருந்ததா? இவ்வினாக்களுக்கு ஆம் என விடை கூறமுடியுமாயின், அவர் நிற்பது தொழிலின் பொருட்டு. இல்லையாயின் அது பிறப்பின் பொருட்டு. விரிவுரையாளர் விரிவுரை முடிந்ததும் இருக்கின்றார். மாணவன் ஒரு நாள் விரிவுரையாளனாகி நிற்கின்றான். பங்களாவில் முப்பது ஆண்டுகள் வேலை செய்த அம்முதியவரின் நிற்றலோ மாற்றீடு அற்றது.

இவ்வளவுகோலைக் கொண்டு இன்றைய நிலையையும் நேர்மையாக அளத்தல் வேண்டும். நின்றவரின் பேர்த்தி இன்று இருந்தாள். இது சிறிய மாற்றமன்று. அதனைக் குறைத்துக் கூறுதல் அதற்காக உழைத்தோரை மறத்தலாகும். இன்று அக்கதவிலே நிறம் எழுதப்படவில்லை. ஆயினும் விலை எழுதப்பட்டுள்ளது. அது இக்கழகத்துக்கு மட்டும் உரியதன்று. நல்ல உணவுச்சாலை யாவற்றுக்கும் பொருந்தும். பல ஆண்டுகள் கோரிப் போராடிய 1,000 ரூபா நாட்சம்பளத்தைத் தோட்டத் தொழிலாளர் 2021 இலேயே பெற்றனர். அதன் பின்னர் அது உயர்ந்துள்ளதெனினும், எம்முள் ஒருவரின் அன்றைய உணவுச் செலவு கொழுந்து பறிக்கும் ஒருவரின் ஒரு நாட் கூலியினும் மிக்கது. அவ்வகையில் ‘பணம் கொடுத்தோம், சாப்பிட்டோம்’ என்பதும் முழுமையான விடையன்று.

உள்ளே நின்றவர் என்னும் இக்கருத்து ஒரு கழகத்தோடு முடிந்துவிடுவதன்று. அமெரிக்க அரசியற் சிந்தனையாளரான மைக்கேல் வோல்சர் 1983 இல் எழுதிய நீதி பற்றிய நூலிலே, நாட்டைக் கழகத்தோடு ஒப்பிட்டு நோக்குகின்றார். யாரை அங்கத்தவராக ஏற்பது எனத் தீர்மானிக்கும் உரிமை கழகத்துக்கு உண்டு. நாட்டுக்கும் ஓரளவு உண்டு. ஆனால் உள்ளே வாழ்ந்து உழைப்போரை நிரந்தரமாக அங்கத்தவரல்லாதோராக வைத்திருக்கும் உரிமை நாட்டுக்கு இல்லை. அவ்வாறு வைத்திருக்கும் நாடு, பணியாட்களைத் தன்னுடனேயே குடிவைத்து ஆளும் ஒரு குடும்பத்தைப் போன்றது என்பது அவர் வாதம். அவர் ஐரோப்பாவுக்கு உழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளரை எண்ணி எழுதினார். மலையகத்தை எண்ணி எழுதியிருந்தாலும் ஒரு சொல்லையும் மாற்றவேண்டியிருந்திராது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். துரைமாரின் கழகம் இந்நாட்டவர்க்குக் கதவடைத்திருந்த அதே காலத்திலே, சுதந்திர நாடு தன் செல்வத்தை விளைவித்தோருக்குக் கதவடைத்தது. அவர்கள் வெளியேறிவிடவுமில்லை. லயத்திலே குடியிருந்தனர், பெரட்டுக்குச் சென்றனர், கொழுந்து பறித்தனர். நாட்டின் ஏற்றுமதி அவர்கள் கையிலே இருந்தது. நாடு அவர்கள் கையில் இருக்கவில்லை. 1964 இலே இரு பிரதமர்கள் கூடி 975,000 பேரின் எதிர்காலத்தைத் தொகை பிரித்தனர்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்பட வேண்டியோர். அத்தொகைக்குட்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேற 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஒரு மக்கட் கூட்டம் வீட்டினுள்ளே நின்றுகொண்டிருந்தது.

இவ்வளவும் எழுதுவது எனக்கு எளிதாகவே இருந்தது. துரைமாரைக் குறைகூறுதலும், நிறைவேறிய சட்டங்களைக் குறைகூறுதலும் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் வளர்ந்த எனக்கு எவ்வித இழப்பையும் தருவதில்லை. ஆயின் அன்று பேருந்திலே தோழி பேசியபொழுது என் நினைவுக்கு வந்தது துரையின் பங்களா அன்று. எங்கள் வீட்டுக் கோடிப்புறம்.

எங்கள் வீட்டுக்கு வேலி அடைக்கவும் தேங்காய் பறிக்கவும் ஒருவர் வருவார். என் தந்தையார் சிறுவராக இருந்த நாள் முதலாக அவர் வருகின்றார். எங்கள் வளவிலே எந்த மரம் எப்பொழுது நட்டது என்பது எம்மைவிட அவருக்கே தெரியும். அவருக்குத் தேநீர் கொடுப்பதற்கெனக் கிணற்றடிக்கு அண்மையிலுள்ள திண்ணைக் கட்டில் ஒரு பேணி கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். குடித்து முடிந்ததும் அவரே அதனைக் கழுவி, மறுபடியும் கவிழ்த்து வைப்பார். ஏழெட்டு வயதில் ஒரு நாள் நான் வீட்டுக் கோப்பையில் அவருக்குத் தேநீர் கொண்டுபோனேன். அப்பாச்சி இடைமறித்து அதனை வாங்கி, பேணியில் ஊற்றிக் கொடுத்தார். என்னை ஏசவில்லை. ஏன் என நானும் கேட்கவில்லை. அப்பாச்சி கொடையிற் குறைந்தவரல்லர். அவர் வந்த நாள்களில் எல்லாம் வயிறார உணவு கொடுப்பார், பெருநாளிற் புத்தாடை கொடுப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். அவர் கொடாத ஒன்று ஒரு கதிரை மட்டுமே.

சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957 இலே நிறைவேறியது. 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் ஆலயப்பிரவேசப் போராட்டம் நடந்தது. தேநீர்க்கடைகளும் கோயில்களும் திறந்தன. இவை யாவும் நான் பிறப்பதற்குப் பல தசாப்தங்கள் முன்னரே நிகழ்ந்தன. கதவுகள் திறந்து இத்துணைக் காலம் கழிந்த பின்னரும் பேணி திண்ணையிலேயே இருந்தது. ஏனெனிற் சட்டமும் போராட்டமும் எட்டக்கூடியது வெளியே நின்றவனை. உள்ளே வந்து, உழைத்து, உண்டு, வாழ்த்தும் பெற்றுச் செல்பவன் விலக்கப்பட்டவனாகக் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அப்பாச்சியைக் கேட்டால், தாம் எவரையும் விலக்கியதில்லை என்றே கூறுவார்; தம் மனமறியப் பொய் கூறமாட்டார். துரைமாரும் தம் பங்களா வேலையாட்களைப் பற்றி இவ்வாறே கூறியிருத்தல் கூடும். நன்மனமும் கொடையும் இருக்கும் இடத்திலே இவ்வநீதி மிக எளிதில் மறைந்துகொள்கின்றது.

இனி, நாம் அங்குச் சென்று உண்டது சரியா என்னும் வினாவுக்கு வருவோம். செல்லாதிருத்தலே மானம் என்ற நண்பனின் கூற்றை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் செல்லாதிருப்பின் அம்முதியவர் வேறொருவருக்குப் பின்னால் நின்றிருப்பார். நாம் மட்டும் அதனைக் காணாதிருந்திருப்போம். இருந்ததே வெற்றி என்பதும் ஏற்கத்தக்கதன்று. ஓர்வெலின் நாவலில் வரும் நீதவானும் இருந்தான். இருக்கப் பெற்றவன் தனக்குப் பின்னால் நிற்பவரை நினைந்து உண்ண முடியாது போதல் பலவீனமன்று. அறவுணர்வின் தொடக்கம் அது. ஆயின் தொடக்கம் மட்டுமே. உண்ணாது விட்ட உணவினால் எவரும் அமர்ந்துவிடுவதில்லை. நாம் ஆளும் சிறிய இடங்களில், எமது வீட்டிலும் விடுதியிலும் சங்கத்திலும், யார் நின்றுகொண்டிருக்கின்றார் என நோக்குதலும், அவர் நிற்பது தொழிலாலா பிறப்பாலா என நேர்மையாகக் கேட்டலுமே அடுத்த படியாகும்.

சென்ற விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தபொழுது வேலி அடைப்பதற்கு அவர் வந்திருந்தார். வீட்டுக் கோப்பைகள் இரண்டிலே தேநீர் ஊற்றி எடுத்துச் சென்று, ஒன்றை அவரிடம் கொடுத்து, கிணற்றடிக் கட்டில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்பாச்சி குசினி வாயிலில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. “என்ன தம்பி, படிப்பெல்லாம் எப்படிப் போகுது?” என அவர் கேட்டார். பேசிக்கொண்டே இருவரும் குடித்து முடித்தோம். நான் கோப்பையை வாங்குவதற்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. எழுந்து சென்று, கிணற்றடியில் அதனைத் தாமே நன்றாகக் கழுவினார். பின்பு, பேணி இருந்த இடத்திலே, அதற்கு அருகில் அதனையும் கவிழ்த்து வைத்தார்.

அக்கோப்பையை எடுத்து வீட்டினுள்ளே மற்றைய கோப்பைகளோடு வைத்தேன். திண்ணையில் இருந்த பேணியை என்ன செய்வது எனத் தெரியாமல் நின்றேன். அதனை அகற்றுதல் என் கையிலுள்ள செயல்; அதனைத் தேடாதிருக்கும் மனம் அவரிடத்தும் எம்மிடத்தும் உண்டாதல் அவ்வாறு எளிதானதன்று. இதற்கு இன்னும் எத்தனை காலம் செல்லும் என்பது நாம் ஒவ்வொருவரும் நம் நம் வீட்டுத் திண்ணையில் நின்று சிந்திக்கற்பாலது.